வீடு முழுக்கப் பாட்டும் படமும்: பூச்சு வேலைக்கு முன்னால் சுவருக்குள் என்ன போடலாம்?

#1 · தென்னந்தோப்பு · கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோப்பில் புது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. மேல்தளம் கான்கிரீட் போட்டாயிற்று. இப்போது சுவர் வெட்டிப் பைப் பதிக்கிறார்கள். அடுத்த வாரம் பூச்சுக்கு ஆள் வந்துவிடும், அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

கீழே ஹாலில் ஒரு டிவி, மேலே இரண்டு படுக்கையறைகளிலும் டிவி. தோப்புக்குள் சுமார் 40 மீட்டர் தள்ளிப் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருப்போம் என்கிறார்கள், அங்கே ஒரு டிவி. பூஜையறை, சமையலறை, திண்ணை மூன்றிலும் காலையில் பாட்டு ஓட வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் சானல், என் மனைவி நெம்மாறைக்காரர் என்பதால் மலையாளமும் வேண்டும். செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே ஒரே அலமாரியில் வைத்துவிட்டு, எந்த அறையிலிருந்தும் இயக்க முடியுமா?

கடையில் கேட்டால் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளை 20 மீட்டர் வாங்கிச் சுவருக்குள் போட்டுவிடச் சொல்கிறார்கள். எங்கள் வயர்மேன் அப்படி ஒன்றைப் போட்டதே இல்லை என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 · வேலந்தாவளம் வயர்மேன்

வணக்கங்க. உங்களுக்குப் பக்கத்து ஊர்தான் நான். எல்லைக்கு இரண்டு பக்கமும் இதே வேலைதான் செய்கிறேன்.

எச்டிஎம்ஐயைச் சுவருக்குள் புதைக்க வேண்டாம். அந்தத் தரம் 2009ல் 1.4, 2013ல் 2.0, 2017ல் 2.1 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சுவர் உங்கள் பேரன் காலத்துக்கும் நிற்கும். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டரைத் தாண்டினாலே 4கே படத்துக்குத் திணறும். அதன் தலை வேறு பைப்புக்குள் சுலபமாக நுழையாது. கெட்டுப்போனால் பூச்சை உடைக்க வேண்டியதுதான்.

டிவி வரும் ஒவ்வோர் இடத்துக்கும் படிக்கட்டு அலமாரியிலிருந்து இரண்டு கேட் 6 நெட்வொர்க் கேபிள், டிஷ் சிக்னலுக்கு ஒரு ஆர்ஜி 6 கோஆக்ஸ் கேபிள் இழுங்கள். ஸ்பீக்கர் வரும் இடங்களுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர். பைப் 25 மில்லிமீட்டர், உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். வளைவில் எல்போ போட்டால் பிற்பாடு எதையும் இழுக்க முடியாது. நீளமான பெண்டு போடச் சொல்லுங்கள். கரண்டு பைப்பை ஒட்டிக் கொண்டுபோகாமல் ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைக் கேட் 6 என்று விற்கிறார்கள். கம்பியின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கினாலே எடை வித்தியாசம் தெரியும். அலுமினியம் வளைத்த இடத்தில் ஒடியும். சாக்கெட்டில் குத்திய இடம் நாளாக ஆகத் தளரும். கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பினால் சூடேறும். வெளியில் தொங்கும் கேபிள் என்றால் மாற்றிக்கொள்ளலாம், சுவருக்குள் போனதை என்ன செய்வது?

#3 · நகரி தறி · நகரி, சித்தூர் மாவட்டம்

வயர்மேன் அண்ணன் சொன்ன கேபிள் கணக்கு சரி. ஆனால் செட்டாப் பாக்ஸை அலமாரியில் வைத்து எச்டிஎம்ஐயை நாலு இடத்துக்குப் பிரித்து அனுப்புகிற வேலையே இப்போது தேவையா என்று யோசியுங்கள். எந்தப் பாக்ஸின் படம் எந்த டிவிக்கு என்று பிரித்துவிட நடுவில் ஒரு மேட்ரிக்ஸ் பெட்டி வரும். அது படுத்தால் எல்லா டிவியும் படுத்துவிடும். ஒவ்வொரு டிவியும் நெட்வொர்க்கிலிருந்து தானே எடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்ல வழி.

என் வீட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. அதில் ஜெல்லிஃபின். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் அது. கல்யாண வீடியோ, போட்டோ, பாட்டு எல்லாம் அதில்தான். டிவி ஏற்றுக்கொள்கிற வடிவத்தில் கோப்பு இருந்தால் அப்படியே போய்விடும், கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. வடிவம் மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தால்தான் பாடு. அதற்கு வீடியோ வேலையைத் தனியாகச் செய்யும் பகுதி உள்ள இன்டெல் சிப் இருந்தால் நல்லது.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. இப்போது ஜிசாட் 15 வழியாக, 93.5 பாகை கிழக்கிலிருந்து வருகிறது. மொட்டைமாடியில் ஒரு டிஷ், கம்ப்யூட்டரில் டிஷ் சிக்னலை வாங்கும் ஒரு டிவிபி-எஸ்2 ட்யூனர், அதை நெட்வொர்க்கில் விடும் டிவிஹெட்எண்ட் மென்பொருள், இவ்வளவுதான். பூட்டில்லாத சானல்கள் வீட்டு நெட்வொர்க்கில் எந்த டிவிக்கும் எந்த போனுக்கும் வந்துவிடும். ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது செயற்கைக்கோளின் ஒரே அலைவரிசையில், உள்ள சானல்களை ஒரே ட்யூனரால் ஒரே நேரத்தில் பல பேருக்குக் கொடுக்கலாம். டிடி தமிழ் இப்படித்தான் என் வீட்டில் ஓடுகிறது. தோப்புக்காரர் ஒன்று கவனிக்க வேண்டும்: தென்கிழக்கே தென்னை மறைக்காத இடமாகப் பார்த்து டிஷ் வையுங்கள்.

கரண்டு வயர் வழியாகவே நெட்வொர்க் அனுப்பும் அடாப்டர் வாங்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். பக்கத்தில் தறி ஓடும் எங்கள் வீட்டில் அது நிற்கவே இல்லை. மோட்டார் இரைச்சல் எல்லாம் அதே வயரில்தான் வருகிறது. ஒரு பேஸில் செருகியதை இன்னொரு பேஸில் செருகியது பல நேரம் கண்டுகொள்வதும் இல்லை. தோப்பு என்றால் பம்ப்செட் மோட்டார் இருக்குமே.

#4 · தென்னந்தோப்பு

பம்ப்செட் இருக்கிறது, அதே லைனில்தான்.

நகரிக்காரர் சொல்வது எனக்குச் சரி. ஆனால் அம்மாவுக்குச் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் எண் அழுத்திப் பார்த்துத்தான் பழக்கம். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

#5 · வேலந்தாவளம் வயர்மேன்

அப்படியென்றால் செட்டாப் பாக்ஸுக்கு எச்டிபேஸ்டி. 2010ல் எல்ஜி, சாம்சங், சோனி, வேலன்ஸ் நாலு கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பின் தரம். ஒரே கேட் 6ல் 100 மீட்டர் வரைக்கும் படம், ஒலி, ரிமோட் சிக்னல், டிவிக்கு நெட், அந்தப் பக்கப் பெட்டிக்குக் கரண்டு எல்லாமே போகும். படம் தாமதிக்காது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிளக் நெட்வொர்க் பிளக் மாதிரியே இருக்கும், ஆனால் இது நெட்வொர்க் இல்லை. கேபிள்களைப் பிரித்து இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் வழியாகப் போகாது. அலமாரியிலிருந்து டிவிக்கு நேர் கேபிளாக இருக்க வேண்டும். அதனால்தான் இடத்துக்கு இரண்டு கேட் 6 சொன்னேன். ஒன்று நெட், ஒன்று இதற்கு. இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பெயர் ஒட்டாத அலமாரியில் கைவைக்க எனக்கே பிடிக்காது.

ரிமோட் விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று என்று ஒரே மாடல் பாக்ஸ் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் சேர்ந்து மாறும். அதற்கு, ரிமோட் சிக்னலை உமிழும் சின்ன மணியை ஒவ்வொரு பாக்ஸின் கண்மேலும் நேராக ஒட்டி, மேலே கறுப்பு டேப்பை இரண்டு சுற்று போட்டுவிட வேண்டும். வெளி வெளிச்சம் உள்ளே போகக்கூடாது. அப்புறம் ஹாலில் அழுத்தியது ஹால் பாக்ஸுக்கு மட்டும் போகும். வாங்கும்போதே ரிமோட் இன்ஃப்ராரெட்தானா என்று பாருங்கள். புளூடூத் ரிமோட்டுக்கு இந்த வித்தை பலிக்காது.

பாக்ஸில் சிஇசி என்று ஓர் அமைப்பு இருக்கும். ஒரு டிவியை அணைத்தால் பாக்ஸும் சேர்ந்து அணைவது அதனால்தான். நாலு டிவிக்கு ஒரு பாக்ஸ் என்றால் மேலே யாரோ தூங்கப் போகும்போது கீழே சீரியல் நின்றுபோகும். அதை அணைத்து வையுங்கள்.

#6 · கல்பாத்தி கூடம் · பாலக்காடு

படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாட்டைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாமா?

எங்கள் அக்கிரகாரத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அகலம் கிடையாது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், உடைக்க முடியாது. உத்தரத்துக்கு மேலே கேட் 6 ஓடவிட்டு, ரேழி, கூடம், அடுக்களை மூன்றிலும் ராஸ்பெரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் ஒன்று, டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு டிஏசி, ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன்.

முதலில் புளூடூத் ஸ்பீக்கர்கள்தான் இருந்தன. மார்கழிக் கச்சேரியை நெட்டில் கேட்பது எங்கள் வீட்டில் பழக்கம். வாய்ப்பாட்டு வரைக்கும் ஓரளவு சகித்துக்கொள்ளலாம். தனி ஆவர்த்தனம் வந்ததும் பொறுக்க முடியாது. கூடத்தில் விழுந்த மிருதங்கச் சொல் ரேழியில் இன்னொரு தரம் விழும். கணக்கே குலைந்துபோகும்.

ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மீட்டருக்கு 3 மில்லிவினாடி. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கர் இயல்பாகவே 30 மில்லிவினாடி பிந்திக் கேட்கும், அதைக் காது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் கருவி சேர்க்கும் தாமதம்தான் எதிரொலியாகக் கேட்கிறது. புளூடூத்தில் 100, 200 மில்லிவினாடி சாதாரணம். போதாக்குறைக்கு ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒவ்வொரு அளவு.

இப்போது ஸ்னாப்காஸ்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. கூடத்தில் ஒரு சர்வர். அது ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்று முத்திரை போட்டு அனுப்புகிறது. ஒவ்வொரு பையும் தன் கடிகாரத்தைச் சர்வரோடு ஒப்பிட்டுச் சரி செய்துகொண்டே இருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் 0.2 மில்லிவினாடிக்குள் நிற்கிறது. கொல்லையில் கை அலம்பிவிட்டு ரேழி வரை நடந்து வந்தால் பாட்டு எங்கேயும் உடையாது. லைரியன் மியூசிக் சர்வரும் இதே வேலையைச் செய்யும். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பழைய பாட்டுப் பெட்டிகளின் குடும்பத்து மென்பொருள், அதில் போன் செயலி இன்னும் வசதி.

ஒரு எச்சரிக்கை. ஸ்னாப்காஸ்ட் தானாகவே ஒரு வினாடி சேமித்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கும். பாட்டுக்கு அது ஒன்றும் இல்லை. டிவி ஒலியை அதன் வழியாக அனுப்பினால் வாயசைவு ஒரு வினாடி முன்னால் போய்விடும். டிவி ஒலி டிவியோடு இருக்கட்டும், பாட்டு தனி வழியில் போகட்டும்.

#7 · ஏலமலை · குமுளி

நடுவில் புகுந்து கேட்கிறேன், தலைப்புக்குள்தான் வரும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டோடு சேர்ந்து விருந்தினர் அறைகள் இருக்கின்றன. எச்டிஎம்ஐயை நெட்வொர்க் வழியாக அனுப்பும் பெட்டிகள் வாங்கினேன். ஓர் அனுப்பும் பெட்டி, நாலு வாங்கும் பெட்டி. சாதாரண சுவிட்சில் போட்டபோது படம் வந்தது, ஆனால் வீட்டு வைஃபை மொத்தமும் செத்துவிட்டது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ள சுவிட்ச் வாங்கச் சொன்னார்கள், வாங்கி அதை இயக்கினேன். வைஃபை சரியாகிவிட்டது. ஆனால் இப்போது படம் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடி மறுபடி நிற்கிறது. விற்ற கடைக்காரர் போனை எடுப்பதில்லை.

#8 · பொதிகைச் சாரல் · செங்கோட்டை

ஏலமலை அண்ணா, எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது? கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரமா?

#9 · ஏலமலை

பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். நாலேகால் நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

#10 · பொதிகைச் சாரல் · செங்கோட்டை

அப்படியானால் பெட்டி கெடவில்லை, சுவிட்சில் ஒரே ஓர் அமைப்புதான் குறைகிறது.

அந்த அனுப்பும் பெட்டி படத்தை மல்டிகாஸ்ட்டாக விடுகிறது. யாருக்கென்று இல்லாமல், கேட்கிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு குழு முகவரிக்கு அனுப்புவது. சாதாரண சுவிட்சுக்கு யார் கேட்டார்கள் என்று தெரியாது, எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். வைஃபை ரவுட்டருக்கும் அது போகும். வைஃபையில் மல்டிகாஸ்ட் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பப்படும், அதனால் காற்றில் வேறு யாருக்கும் இடமே இருக்காது. உங்கள் வைஃபை செத்தது இதனால்தான்.

ஸ்னூப்பிங் என்பது, எந்தப் போர்ட்டில் இருக்கும் பெட்டி அந்தக் குழுவைக் கேட்டது என்று சுவிட்ச் ஒட்டுக்கேட்டுப் பட்டியல் வைத்துக்கொள்வது. பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் படம் போகும். ஆனால் அந்தப் பட்டியல் காலாவதியாகும். யாராவது அவ்வப்போது 'இன்னும் யார் யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும், பெட்டிகள் பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பெயர் குவெரியர். வழக்கமான அளவில் 125 வினாடிக்கு ஒரு முறை கேட்பார். இரண்டு முறை கேட்டும் பதில் இல்லையென்றால், இன்னொரு 10 வினாடி பொறுத்துப் பெயரை அடித்துவிடும். 125 இரண்டு தடவை 250, அதோடு 10, ஆக 260 வினாடி. நாலு நிமிடம் இருபது வினாடி. உங்கள் நாலேகால் நிமிடம் இதுதான். உங்கள் வீட்டில் கேட்கிறவரே இல்லை.

சுவிட்ச் அமைப்புப் பக்கத்தில் ஸ்னூப்பிங்குக்குக் கீழேயே குவெரியர் இருக்கும், இயக்குங்கள். வீட்டில் எத்தனை சுவிட்ச் இருந்தாலும் ஒன்றில் இயக்கினால் போதும். படப் பெட்டிகள் இருக்கிற சுவிட்சிலேயே இயக்குவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. விருந்தினர் அறைக்குக் கொடுப்பதென்றால் வீட்டுச் சந்தா ஆகாது, வணிகச் சந்தா வேண்டும். ஆபரேட்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

#11 · ஏலமலை

இயக்கினேன். நேற்று மாலையிலிருந்து ஒரு முறைகூட நிற்கவில்லை. நாலு அறையிலும் ஓடுகிறது. செங்கோட்டைத் தம்பிக்கு மிக்க நன்றி. சந்தா விஷயத்தையும் பேசுகிறேன்.

#12 · நகரி தறி

நாலேகால் நிமிடக் கணக்கை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

#13 · களியக்காவிளை ரப்பர்

பழைய வீட்டுக்கு 40 மீட்டர் என்று தோப்புக்காரர் சொன்னதை யாரும் தொடவில்லையே. கேட் 6 தூரத்துக்கு 100 மீட்டர் வரை போகும், அது சரிதான். ஆனால் வெளியே தோப்பு வழியாகச் செம்பைக் கொண்டுபோகாதீர்கள். இது கேரளத்து மலையடிவாரம்.

சித்திரை, வைகாசி மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானம் ஆனால் மேகம் கறுத்து இடி இறங்கும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் துலாவர்ஷக் (வடகிழக்குப் பருவமழைக்) காலத்தில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருக்கச் சொல்கிறது. கேபிள்மேல் நேராக இடி விழ வேண்டும் என்றில்லை. அருகில் ஒரு தென்னையில் விழுந்தாலே போதும். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி எர்த். இடி இறங்கிய நொடியில் இந்த மண்ணுக்கும் அந்த மண்ணுக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். அதைச் சமன் செய்யக் கிடைக்கும் வழி உங்கள் கேட் 6தான். இரண்டு முனையிலும் உள்ள சுவிட்ச், டிவி, பை எல்லாம் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சுவிட்சின் போர்ட் ஓரமெல்லாம் கறுத்துப்போனதை நானே கையில் எடுத்துப் பார்த்தேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே கண்ணாடி இழைதான். ஒற்றை முறை ஃபைபர், இரண்டு முனையிலும் ஒளியையும் நெட்வொர்க் சிக்னலையும் மாற்றிக்கொடுக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர். ஒரே இழையில் போகவும் வரவும் வேறு வேறு அலைநீளத்தில் வேலை செய்யும் ஜோடியாக வாங்கலாம். இதிலும் ஒரு விஷயம் பாருங்கள்: தெருவில் இழுக்கும் ட்ராப் கேபிள் சிலதில் தாங்குவதற்கு எஃகுக் கம்பி இருக்கும். அதையும் செம்பாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஆர்பி என்ற உலோகமில்லாத தாங்கு கம்பி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மண்ணுக்குள் எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் போட்டு அதற்குள் விடுங்கள்.

டிஷ்ஷிலிருந்து இறங்கும் கோஆக்ஸுக்கும் மாடியிலேயே எர்த் பிளாக் போட வேண்டும். நகரிக்காரர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். மெயின் போர்டில் சர்ஜ் அடக்கும் கருவியும் வையுங்கள்.

#14 · தென்னந்தோப்பு

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி. ஃபைபர் போட்டால் பழைய வீட்டுக்கு எச்டிபேஸ்டி போகாது அல்லவா?

#15 · வேலந்தாவளம் வயர்மேன்

போகாதுங்க. அதற்கு வேறு பெட்டி இருக்கிறது, விலை கூடுதல். அம்மாவின் செட்டாப் பாக்ஸை அம்மா டிவிக்குக் கீழேயே வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அலமாரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இல்லை. ஃபைபர் வழியாகப் பாட்டும் கல்யாண வீடியோவும் போய்ச் சேர்ந்தால் போதும். களியக்காவிளை அண்ணன் சொன்னதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

#16 · மறையூர் டீச்சர்

இதுவரை எல்லாரும் கேபிளும் பெட்டியும் பேசினீர்கள். யார் இயக்கப்போகிறார்கள் என்று நான் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கண்புரை. போன் திரையில் உள்ள சின்னச் சின்னப் பொத்தான்கள் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஈரக்கையோடு அழுத்தினால் வேலை செய்யாது. பாட்டு அவருக்குத்தான் வேண்டும், அதற்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் அந்த வீட்டில் அவருக்கு உரிமை இல்லை என்றுதானே பொருள்? அதனால் ஒவ்வோர் அறையிலும் சுவரில் ஒரு குமிழ் வைத்தேன். திருப்பினால் ஒலி கூடும், குறையும். ஒரு முறை அமுக்கினால் பாட்டு தொடங்கும் அல்லது நிற்கும். இரண்டு முறை அமுக்கினால் அடுத்த நிலையம். ஆகாசவாணி, பக்திப் பாடல், பழைய பாட்டு என்று வரிசையாக வரும். பழைய ரேடியோவில் என்ன செய்தாரோ அதையேதான் செய்கிறார், சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

உள்ளே இருப்பது இஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பும் சுழலும் குமிழும். இஎஸ்பிஹோம் மென்பொருள் வைத்து எழுதி, வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளோடு இணைத்திருக்கிறேன். ஹோம் அசிஸ்டன்ட் கல்பாத்திக்காரர் சொன்ன ஸ்னாப்காஸ்டுக்கு உத்தரவு கொடுக்கிறது. வெளியே எங்கேயும் போவதில்லை, எல்லாம் வீட்டுக்குள்ளேயே. இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து எங்கள் ஃபைபர் அறுந்தால் நாள் கணக்கில் நெட் வராது. நெட்டை நம்பிய ஸ்பீக்கர்கள் அப்போது வெறும் பொம்மை. எங்கள் குமிழ்கள் ஓடும், சேமித்து வைத்த பாட்டெல்லாம் வரும்.

வாசல் மணி அடித்தால் எல்லா அறையிலும் பாட்டு தாழ்ந்து மணி ஒலித்துவிட்டு மறுபடி உயரும். அம்மாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். வாசலில் யாரோ நின்றுவிட்டுப் போவது இப்போது இல்லை.

#17 · கல்பாத்தி கூடம்

டீச்சர், குமிழுக்கு வயரா, வைஃபையா? எங்கள் வீட்டுக் கனமான சுவரில் ஒரு அறைக்கு மேல் வைஃபை நுழைய மறுக்கிறது.

#18 · மறையூர் டீச்சர்

எங்களுடையது வைஃபை. ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் வயர் போடுவதே நல்லது. தோப்புக்காரர் ஸ்விட்ச் போர்டு உயரத்தில் தனிப்பெட்டி ஒன்று வைத்து அங்கே ஒரு கேட் 6 கொண்டுவந்துவிட்டால் கரண்டும் அதிலேயே வரும், பேட்டரியும் அடாப்டரும் வேண்டாம். கரண்டு ஸ்விட்ச் இருக்கும் பெட்டிக்குள்ளேயே மட்டும் இதைப் போடாதீர்கள்.

#19 · பொதிகைச் சாரல் · செங்கோட்டை

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நெட் கொடுக்கிறவர்கள் தரும் ரவுட்டர் ஒன்று, நாம் வாங்கும் ரவுட்டர் ஒன்று என்று இரண்டு வைத்தால், போன் ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றதிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். செயலி 'எதுவும் காணவில்லை' என்று சொல்லும். இந்தக் கருவிகள் ஒன்றையொன்று தேடுவது 224.0.0.251, 239.255.255.250 என்ற குழு முகவரிகளில்தான். அந்தத் தேடல் ஒரு ரவுட்டரைத் தாண்டிப் போகாது. நாம் வாங்கியதை வெறும் வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்டாக மட்டும் ஓடவிட வேண்டும், முகவரி கொடுப்பது ஒன்றுதான் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இருக்கும் போனுக்கும் ஸ்பீக்கர் தெரியாது.

#20 · களியக்காவிளை ரப்பர்

திண்ணை, முற்றம், தோப்பு ஓரம் என்று ஸ்பீக்கர் வைப்பதானால் 100 வோல்ட் லைன் யோசியுங்கள். கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் பார்க்கிற அதே முறைதான். அஹுஜா ஆம்ப்ளிஃபையர் பின்னால் 100 வோல்ட் என்று முனை இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் நாலை இணையாகப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், வீட்டு ஆம்ப்ளிஃபையர் பல தாங்காது. 100 வோல்ட் முறையில் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஸ்பீக்கர்களின் வாட்டைக் கூட்டி ஆம்ப்ளிஃபையர் வாட்டுக்குள் இருந்தால் போதும், வயர் நீளமும் பெரிய கவலை இல்லை. அடி ஒலி கொஞ்சம் மெலிந்துதான் வரும். கச்சேரி ரசிகர்களுக்குக் கூடத்தில் அது ஆகாது, முற்றத்துக்குத் தாராளம்.

#21 · தென்னந்தோப்பு

வயர்மேனிடம் உட்கார்ந்து வரைந்து முடித்துவிட்டோம். எழுதுகிறேன், பிழை இருந்தால் பூச்சுக்கு முன்னால் சொல்லுங்கள்.

மூன்று டிவி இடத்துக்கும் இரண்டு கேட் 6, ஒரு கோஆக்ஸ். ஹாலுக்கும் பெரிய படுக்கையறைக்கும் எச்டிபேஸ்டி, சின்ன அறை டிவிக்கு நகரிக்காரர் வழி. பூஜையறை, சமையலறைக்குச் சாதாரண ஸ்பீக்கர் வயரோடு அலமாரியில் ராஸ்பெரி பையும் ஆம்ப்ளிஃபையரும். திண்ணைக்கும் முற்றத்துக்கும் 100 வோல்ட். மூன்று இடத்திலும் குமிழுக்குத் தனிப்பெட்டி, கேட் 6. பழைய வீட்டுக்கு எச்டிபிஇ பைப்பில் ஃபைபர், அங்கே அம்மாவின் பாக்ஸ், ஒரு பை, ஒரு குமிழ். அலமாரி இன்வெர்ட்டர் லைனில்.

குமிழை அம்மாவிடம் சொன்னேன். அடுப்புக்கு வலது பக்கம் வேண்டும், இடது பக்கம் அம்மி இருக்கிறதாம்.

#22 · வேலந்தாவளம் வயர்மேன்

நல்லா இருக்குங்க. இரண்டு திருத்தம். படிக்கட்டு அலமாரிக்குக் கதவு போட்டால் கீழேயும் மேலேயும் காற்றுத் துளை விடுங்கள், துளைக்குக் கொசுவலை அடியுங்கள். பல்லியும் எறும்பும் சூடான பெட்டியைத் தேடித்தான் வரும். இரண்டாவது, மொட்டைமாடியிலிருந்து அலமாரிக்கு ஒரு காலிப் பைப் கூடுதலாக விட்டு, இரண்டு வாயையும் அடைத்துவையுங்கள். பூச்சுக்கு முன்னால் எல்லாச் சுவரையும் அளவு டேப் பக்கத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.

#23 · தென்னந்தோப்பு

போட்டோ இன்றே எடுக்கிறேன். மாடிப் பைப்பும் சொல்லிவிட்டேன், 32 மில்லிமீட்டராகவே போடுகிறார்.